பேட்ரனைஸ்: தட்டிக்கொடுப்பதா, மட்டந்தட்டுவதா?

மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் எழுத்துப்பிழை நாளடைவில் தானே சரியாகிவிடும். ‘பேட்ரனைஸ்’ (patronise) என்ற ஆங்கில வினைச்சொல் அப்படியில்லை; ஆதரிப்பது, கனிவு காட்டியே மட்டந்தட்டுவது என்று அதற்கு இரண்டு பொருள். ஒருவர் விழுந்த பள்ளத்திலேயே அடுத்தவரும் வந்து விழுகிறார்.

அகராதியின் முதல் பொருளை அப்படியே ஒட்டுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு திரைப்படத்தில் ஓர் இளம்பெண், தானே வரைந்த இயந்திரப் படத்தை விளக்குகிறாள். மூத்த பொறியாளர் சிரித்துக்கொண்டே, “கவலைப்படாதேம்மா, போகப்போகப் புரியும்” என்கிறார். அவள் ‘டோன்ட் பேட்ரனைஸ் மீ’ என்று சீறுகிறாள். திரையின் கீழே வருவதோ, ‘என்னை ஆதரிக்காதீர்கள்’. பார்க்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. “எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாதீங்க” என்று எழுதியிருந்தால் காட்சி நின்றிருக்கும்.

முதலில் செயப்படுபொருளைப் பாருங்கள். கடை, உணவகம், நாடக அரங்கு என்றால் வாடிக்கையாகப் போவது, ஆதரிப்பது. ‘என்னை’, ‘அவளை’, ‘நோயாளிகளை’ என்று ஆள் வந்தால், இன்றைய எழுத்தில் பெரும்பாலும் சின்னப்பிள்ளையிடம் பேசுவதுபோல் நடத்துவது. ‘ஐ ஃபெல்ட் பேட்ரனைஸ்ட்’ என்பதில் ஆதரவு துளியும் இல்லை. ‘பேட்ரனைசிங்’ என்பது குரல், சிரிப்பு, தொனி ஆகியவற்றுக்கு அடைமொழியாக நின்றால் இளக்காரம்தான். ‘பை பேட்ரனைசிங் ஸ்மால் ஷாப்ஸ்’ என்று அதன் பின்னால் கடை வந்தால் பழையபடி ஆதரவு.

ஆள் வந்தும் ஆதரவாகவே நிற்கும் இடம் பழைய நூல்கள். கவிஞரைப் பிரபு ‘பேட்ரனைஸ்’ செய்தார் என்றால் புரந்தார் என்று பொருள். இளக்காரப் பொருள் இந்த வினைக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகிறது. ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது: 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, ‘பேட்ரன்’, அதாவது ஆதரிக்கும் புரவலர், என்பவர் பெரும்பாலும் திமிரோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாகப் பெறும் ஈனப்பிறவி என்கிறது. நம் ‘புரவலர்’ இந்தக் கறை படியாத சொல். இரண்டு பொருளையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்க முடியாததற்குக் காரணம் அதுவே.

‘அவமதி’, ‘கேலி செய்’ என்று எழுதுவது

பாதிக் கிணறு தாண்டியவர்களின் தவறு. அவமதிப்பவர் முகத்துக்கு நேரே அடிக்கிறார். இவர் முதுகில் தட்டிக்கொடுத்தபடியே மட்டந்தட்டுகிறார். வெளியே கனிவு, உள்ளே ‘உனக்கெங்கே தெரியப்போகிறது’ என்ற நினைப்பு. அந்தக் கனிவு மொழிபெயர்ப்பில் காணாமல் போனால் சொல்லே போயிற்று.

நன்கொடையாளருக்கு எழுதும் கடிதம்

‘எங்கள் மாணவர்களைத் தொடர்ந்து பேட்ரனைஸ் செய்யுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், அவர்களைத் தொடர்ந்து மட்டமாக நடத்துங்கள் என்றே படிக்கப்படும். ‘சப்போர்ட்’ போதும். வணிகக் கடிதத்தில் நன்றி சொல்ல ‘பேட்ரனேஜ்’ என்ற பெயர்ச்சொல் பாதுகாப்பானது. அரசியல் செய்தியில் அதே சொல் வேண்டியவர்களுக்குப் பதவி கொடுப்பதையும் குறிக்கும், கவனம்.

பின்னால் ‘டு’ சேர்ப்பது

வேண்டாம். இளக்காரமாக நடத்துவதைக் குறிக்கும் இன்னொரு வினையான ‘கண்டிசெண்ட்’ (condescend) என்பதற்குத்தான் ‘டு’ (to).

எஸ்ஸா, இசட்டா?

patronise, patronize இரண்டும் சரி. ஒரே பிரதியில் கலக்காதீர்கள்.