தற்காலிக வேலைகளின் தரத்தை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தற்காலிக வேலைகள் அனைத்தையும் ஒரே வகையாகக் கருதுவதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. மகப்பேறு விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக ஓராண்டு பணியாற்றுபவருக்குத் தம் பணியின் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். நிறுவனங்களுக்கு ஆள் வழங்கும் முகமை வழியாக அனுப்பப்படுபவருக்கோ, ஊதியம் தருபவர் ஒருவர், வேலை வாங்குபவர் மற்றொருவர். பணியிடத்தில் விபத்து நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதே அவருக்குச் சிக்கலாகிவிடும். அழைத்தால் மட்டும் செல்லும் வேலையில் அடுத்த வாரத்து வருமானம்கூட உறுதியில்லை.

நாள் ஊதியத்தை நிரந்தரப் பணியாளரின் ஊதியத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமம் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கழியும் ஊதியமற்ற வாரங்களும், ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு இல்லாமையும், விட்டுவிட்டுச் செலுத்தப்படும் ஓய்வூதியப் பங்களிப்பும் அந்த ஒப்பீட்டில் இடம்பெறுவதில்லை. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைக் கணக்கிட்டால்தான் உண்மை புலப்படும்.

எந்தத் தற்காலிக வேலையும் நிரந்தர வேலைக்கு ஒரு படிக்கல்தான் என்று நம்புவதையே நான் எல்லாவற்றிலும் கேடு மிக்க தவறாகக் கருதுகிறேன், ஏனெனில் இளைஞர்கள் பல ஆண்டுகளை இழப்பது இந்த நம்பிக்கையால்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நலத்திட்ட உதவி பெற்றவர்களை பொருளியலாளர்கள் டேவிட் ஆட்டரும் சூசன் ஹவுஸ்மனும் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு, நேரடிப் பணியமர்த்தல் அவர்களுடைய பிற்கால வருமானத்தை உயர்த்தியதையும், முகமை வழி வேலைகள் அவ்வாறு உயர்த்தவில்லை என்பதையும் காட்டியது. ஸ்பெயின் 1984-ல் தற்காலிக ஒப்பந்தங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. நிரந்தரப் பணியாளர்களுக்கான பாதுகாப்பில் பெரிதாகக் கை வைக்கவில்லை. 1990-களில் அங்கே ஊதியம் பெறுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தற்காலிகப் பணியாளராக இருந்தார். நிரந்தரமாக்கினால் பணிநீக்கச் செலவு கூடும் என்பதால், ஒருவருடைய ஒப்பந்தம் முடிந்ததும் வேறொருவரை அமர்த்துவதே நிறுவனங்களுக்கு ஆதாயமாக இருந்தது. விரைவில் வெளியேறப்போகும் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கவும் அவை முன்வருவதில்லை. அதனால், பல இடங்களில் பணிபுரிந்த பின்னரும் தொழிலாளி திறனில் வளராமல் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

சட்டம் சம உரிமை அளித்துவிட்டது, ஆகவே தரமும் உயர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. உறுப்பு நாடுகள் தம் சட்டங்களில் நிறைவேற்ற வேண்டிய, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு நெறியாணை, குறித்த கால ஒப்பந்தப் பணியாளரை ஒப்பிடத்தக்க நிரந்தரப் பணியாளரைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்கிறது. ஆனால், அதே பணியைச் செய்யும் நிரந்தரப் பணியாளர் அந்தப் பணியிடத்தில் இல்லாவிட்டால், கூட்டு ஒப்பந்தத்தையோ நாட்டின் சட்டத்தையோ கொண்டே ஒப்பிட வேண்டியிருக்கும். பதவியின் பெயரைச் சற்று மாற்றினாலே ஒப்பீடு கடினமாகிவிடுகிறது.

தற்காலிக ஒப்பந்தங்களின் விகிதம் குறைந்தாலே நிலைமை சீரடைந்துவிட்டது என்றும் கொள்ளக் கூடாது. தற்காலிக ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த 2021 டிசம்பரில் ஸ்பெயின் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பின் அந்த விகிதம் வேகமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், நிரந்தரம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் சோதனைக் காலத்திலேயே முடிந்துபோகுமானால், அந்தப் பெயரால் தொழிலாளிக்குப் பயனில்லை. எத்தனை மாதங்கள் வேலை நீடித்தது, ஆண்டில் எத்தனை நாள்களுக்கு ஊதியம் கிடைத்தது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.