குட்டை ஆர்.என்.ஏ.வின் சுருள் வடிவை சி.டி. நிறமாலையில் அறிதல்: தொடக்க நிலைச் செய்முறை

ஆய்வகத்தில் தயாரித்த குட்டை ஆர்.என்.ஏ. இழைகள் இரண்டு இணைந்து சுருண்டிருக்கின்றனவா என்பதை சி.டி. (circular dichroism, வட்ட இருநிறமை) நிறமாலைமானியால் அறியலாம். இடம்சுழி, வலம்சுழி வட்டமுனைவு ஒளிகளை மாதிரி எவ்வளவு ஏற்றத்தாழ்வுடன் உறிஞ்சுகிறது என்பதையே அது அளக்கிறது. மண்டபம், கீழக்கரை, தொண்டி போன்ற இராமநாதபுரம் கடலோர ஊர்களில் இதைப் பழகுவோர், கருவிக்கு முன்பாகக் காற்றின் ஈரத்தைக் கவனிக்க வேண்டும்.

படி 1: ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கக் கூடாது. கடற்காற்று உள்ளே பட்டதும், அடியில் மெல்லிய வெண்படலமாக ஒட்டியிருக்கும் உலர்ந்த ஆர்.என்.ஏ. நீரை இழுத்துக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சில நொடிகள் சுற்றிய பின்னரே திறக்க வேண்டும். கையுறையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள், விரல்களிலுள்ள ஆர்.என்.ஏ.ஸ் நொதி இழைகளைத் துண்டாக்கிவிடும், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) வைத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை.

படி 2: 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கொண்ட, பி.எச். 7 பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) இரு இழைகளையும் சம அளவில் கலந்து, 95 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம் வைத்து, மெல்ல ஆறவிடுங்கள். மக்னீசியம் வேண்டுமானால் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், ஏனெனில் அது சூட்டில் இழை அறுபடுவதை விரைவுபடுத்தும்.

படி 3: விளக்கை ஏற்றுவதற்கு முன்பே கருவிக்குள் நைட்ரஜனைச் செலுத்துங்கள். ஆக்சிஜன் எஞ்சியிருந்தால் புற ஊதா ஒளியில் ஓசோன் உண்டாகி, உள்ளிருக்கும் கண்ணாடிகளைக் கெடுக்கும். மாதிரி அறைக்கும் நைட்ரஜன் செல்வது நம் பகுதியில் மிக அவசியம்: புழுக்கமான நாளில் 20 டிகிரிக்குக் குளிர்வித்தாலே குவார்ட்ஸ் குவெட்டின் (மாதிரியை ஊற்றும் சிறு கலத்தின்) வெளிச்சுவர் வியர்த்து, ஒளி சிதறி, வரைகோடு நடுங்கும். பஃபரை மட்டும் முதலில் அளந்து கழித்துவிட்டு, 320 முதல் 200 நானோமீட்டர் வரை மாதிரியை அளக்க வேண்டும். உறிஞ்சளவு 1-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

படி 4: 260 முதல் 265 நானோமீட்டருக்குள் உயர்ந்த நேர் முகடும், 210-ஐ ஒட்டி ஆழ்ந்த எதிர்ப் பள்ளமும் தெரிந்தால், அது ஈரிழை ஆர்.என்.ஏ. வழக்கமாக எடுக்கும் ஏ-வடிவச் சுருளின் அடையாளம். பி-வடிவ டி.என்.ஏ.வில் முகடு 275-ஐ ஒட்டியும் பள்ளம் 245-ஐ ஒட்டியும் அமையும்.

ஆனால் முகட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள், காரங்கள் (ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான A, U, G, C) அடுக்கடுக்காக அமைந்த ஒற்றை இழையும் இதே பகுதியில் சிறு முகடு காட்டும். ஆகவே 260 நானோமீட்டரில் உறிஞ்சளவைக் கவனித்தபடி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். ஈரிழை பிரியும்போது உறிஞ்சளவு குறுகிய வெப்ப இடைவெளியில் விறுவிறுவென ஏறும். தன்னோடு தானே இணையக்கூடிய வரிசையாக இருந்தால், 10 மடங்கு செறிவில் மீண்டும் அளந்து பாருங்கள்: உருகுநிலை (இணைப்பு பாதி பிரியும் வெப்பநிலை) உயர்ந்தால் இரு இழைகள் சேர்ந்த சுருள், மாறாமல் நின்றால் ஓரிழையே மடிந்த கொண்டை ஊசி வடிவம்.