மாடி வீட்டுச் சத்தம் என்று கீழ் வீட்டுக்காரர் புகார் சொன்னால்

"சார், மேல தடதடன்னு ஒரே சத்தம், தூங்க முடியல" என்று கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரான உங்களுக்குப் போன் செய்தால், உடனே மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குப் போன் போட்டுத் திட்டாதீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். இரண்டு குடும்பமும் மாடிப்படியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற நிலை வந்துவிட்டது.

எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்கு நீங்களே கீழ் வீட்டில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. மேலே சாதாரணமாக நாற்காலியை நகர்த்துவது கான்கிரீட் தளம் வழியாக இறங்கி, கீழே கல்லை உருட்டுவது போலக் கேட்கும், மேலே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அப்படித்தான். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட், மெஷினின் நான்கு கால்களும் ஆடாமல் சமமாக நிற்கிறதா, சுவரில் இடிக்கிறதா என்று ஒரு பார்வை, பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். புஷ்ஷை நீங்களே வாங்கிக் கொடுங்கள், சில்லறைச் செலவுதான்.

குழந்தை பகலில் ஓடுவதைப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதைக் கீழ் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பாட்டு, டிவி, ஹோம் தியேட்டர் வேறு விஷயம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபல், பகலில் 55 வரைதான். முதலில் நேரில், "அவங்க சொல்றாங்க" என்று இல்லாமல் "நானே வந்து கேட்டேன்" என்று பேசுங்கள். கேட்காவிட்டால் தேதி, நேரத்தோடு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் கடிதம். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இரவு 10 மணி நிபந்தனையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது, தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. காலி செய்ய வைப்பதும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான்.

சரி, எல்லாம் செய்த பிறகு பத்து நாள் விட்டுக் கீழ் வீட்டுக்கு நீங்களே போன் செய்து, இப்போது தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். குறைந்திருந்தால் மாடிக்காரரிடமும் அதை மறக்காமல் சொல்லுங்கள்.