பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? பள்ளிக்கூடம் அனுப்பலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி?

வேன்காரர் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். தலை வாரியாச்சு, டிபன் பாக்ஸ் கட்டியாச்சு, நமக்கும் வேலைக்கு நேரமாச்சு. "போய் உட்காரு, சரியாயிடும்" என்று ஏற்றிவிடத்தான் தோன்றும். திருவாரூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். அப்படி ஏற்றிவிடப்பட்ட பிள்ளைகள் மதியத்துக்குள் என்ன ஆகிறார்கள் என்று பார்க்கிறவள். எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ முதன்முதலாகப் பிள்ளையைச் சேர்த்திருக்கிற அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்கும். ஒவ்வொரு தும்மலுக்கும் லீவு போட வேண்டியதில்லை. எதற்குப் போட்டே ஆக வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

படி 1: முதல் நாள் ராத்திரியே பாருங்கள்

சாயந்திரம் வீட்டுக்கு வந்த பிள்ளை பையைத் தூக்கிப் போட்டுவிட்டு விளையாட ஓடவில்லை, திண்ணையில் சுருண்டு படுத்துக்கொண்டது, ராத்திரி இட்லியை ஒதுக்கியது. இது போதும். அப்போதே தெர்மாமீட்டரை எடுங்கள். நாளைக்கு யார் வீட்டில் இருப்பது என்று அப்போதே பேசுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய ராத்திரியில் நேரம் இருக்கிறது, காலையில் இருக்காது.

படி 2: கையால் தொட்டுப் பார்த்தால் போதாது, அளந்து பாருங்கள்

அடுப்படியில் நின்ற கைக்குப் பிள்ளையின் நெற்றி குளிர்ச்சியாகத் தெரியும். தண்ணீரில் பாத்திரம் கழுவிய கைக்கு அதே நெற்றி சுடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை தோலில் நன்றாகப் படும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை விடாமல் இருங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தால் காய்ச்சல். வீட்டில்தான் இருக்க வேண்டும். அக்குளில் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதால், 99.5-ஐத் தாண்டிப் பிள்ளையும் வாடியிருந்தால் நான் லீவு போடத்தான் சொல்வேன்.

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். உடம்புச் சூடு இயல்பாகவே விடியற்காலையில் குறைவாகவும் சாயந்திரம் அதிகமாகவும் இருக்கும். ராத்திரி 101 இருந்த பிள்ளைக்குக் காலையில் 98.6 காட்டினால் காய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்து எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் விட்டது என்று கணக்கு. திங்கள் ராத்திரி கடைசியாகச் சுட்டதென்றால் செவ்வாய் வீட்டில். அன்று ராத்திரியும் சுடவில்லையென்றால் புதன் காலை அனுப்பலாம்.

படி 3: மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள்

காலையில் பாரசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்து அனுப்பினால் நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். எட்டு மணிக்குக் கொடுத்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீரும். அது தீரும்போது பிள்ளையின் முகத்தை நாங்கள்தான் பார்க்கிறோம். முதலில் பென்சிலைக் கீழே வைக்கும். கன்னத்தை டெஸ்க் மேல் வைத்துப் படுக்கும். கண்ணோரம் சிவந்து, உதடு காய்ந்து, கழுத்தைத் தொட்டால் அனலடிக்கும். சத்துணவுத் தட்டை முன்னால் வைத்தால் முட்டையை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். வீட்டுக்குப் போன் போட்டால் அம்மா வயலில், அப்பா வெளியூரில். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். மருந்து சூட்டைத்தான் குறைக்கும், தொற்றுவதைக் குறைக்காது.

வீட்டில் வைத்துக் கொடுக்கும்போதும் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 150 முதல் 225 மில்லிகிராம். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து தம்பிக்கு ஊற்றும் முன் லேபிளைப் படித்தே ஆகவேண்டும். நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். இருமல் சிரப்பை டாக்டர் சொல்லாமல் கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்ததை மறந்துவிட வேண்டாம்.

படி 4: காய்ச்சல் இல்லையென்றால் மூன்று கேள்வி

வகுப்பில் உட்கார்ந்து எழுத, ஓட, சாப்பிடப் பிள்ளைக்குத் தெம்பு இருக்கிறதா? மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமா? முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டீச்சரால் கவனித்துக்கொள்ளக்கூடிய அளவுதானா? வெறும் மூக்கொழுகல், லேசான இருமல், விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்றால் கைக்குட்டையோடு அனுப்புங்கள். ராத்திரி முழுக்க இருமித் தூங்காத பிள்ளையை நிறுத்திக்கொள்ளுங்கள். மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தாலோ விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

"வயிறு வலிக்குது" என்று திங்கட்கிழமை மட்டும் சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். வேனில் யாராவது கிள்ளுகிறார்களா, கழிப்பறை போகப் பயமா என்று மெதுவாகக் கேளுங்கள். எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

படி 5: எதற்கு எத்தனை நாள்

வாந்தி, வயிற்றுப்போக்கு: கடைசியாகப் போனதிலிருந்து 24 மணி நேரமாவது, முடிந்தால் 48 மணி நேரம். வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் இது சீக்கிரம் பரவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகத் தருவார்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் மொத்தத்தையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சமாகப் பிரிக்கக் கூடாது. கலந்தது 24 மணி நேரத்துக்குத்தான். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் மொத்தம் 14 நாள் கொடுங்கள். கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் கூடக் கொடுக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக ஆகாது.

மெட்ராஸ் ஐ: கண் பீளை கட்டிச் சிவந்திருக்கும்வரை வீட்டில். துண்டும் தலையணையும் தனி.

சின்னம்மை: எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அனுப்பவே கூடாது. முத்து போட ஆரம்பித்ததிலிருந்து ஐந்து நாளாவது ஆகும், பலருக்கு ஒரு வாரத்தைத் தாண்டும். நம் பக்கம் வேப்பிலை செருகி, புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஏழோ ஒன்பதோ நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அந்த வழக்கம் நல்ல வழக்கம், ஏனென்றால் பிள்ளையை அத்தனை நாளும் வீட்டிலேயே வைக்கிறது. டாக்டரிடம் காட்டுவது ஆத்தாவுக்கு எதிரானது இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நாலு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பித்து ஐந்து நாள்.

பேன் இருந்தால் லீவு வேண்டாம், அன்று ராத்திரியே சீப்பு எடுங்கள். சிரங்கு சொறிக்கு மருந்து தடவ ஆரம்பித்து மறுநாள் வரலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவினால்தான் போகும்.

படி 6: ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் கவனம்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கணக்கு மாறுகிறது. தெருவெல்லாம் தண்ணீர், கொல்லையில் கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடாத சிமெண்ட் தொட்டி. டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். அதனால் காய்ச்சல் பிள்ளையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அந்தப் பிள்ளையைக் கடித்த கொசு அடுத்த பிள்ளையைக் கடித்தால் நோய் நகரும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் டெங்குக் காய்ச்சல் சட்டென்று இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், மறுநாள் சீருடை மாட்டிவிடுவார்கள். ஆபத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான். காய்ச்சல் இறங்கிய பிறகு வருகிற 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிள்ளை திடீரென்று சரியும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லென்று ஆவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கூப்பிட்டால் கண் திறக்காத அசதி: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கும்பகோணத்தில் அரசு மருத்துவமனை இருக்கின்றன. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-ல் கேட்கலாம்.

எனவே மழைக்காலத்தில் என் சட்டம்: இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கிற எந்தக் காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் வீடு. இந்த மாதங்களில் பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை வேண்டாம். ஐபுப்ரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் கசாயம் கொடுக்கிறீர்கள் என்றால் கொடுங்கள், ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று உண்ணிக்காய்ச்சல். வைக்கோல்போர், புதர்ப் பக்கம் விளையாடும் பிள்ளைக்கு விடாத காய்ச்சல் என்றால் குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். பீடி சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

படி 7: யார் வீட்டில் இருப்பது?

உண்மையான கஷ்டம் இதுதான் என்பது எனக்குத் தெரியும். சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. நடவு ஆள் குழுவில் இடமும் போய்விடலாம். "பள்ளிக்கூடத்தில் சாப்பாடாவது கிடைக்குமே" என்று அனுப்புகிற அம்மாக்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. 2023 ஆகஸ்ட் 25-ல் நம் திருக்குவளையிலிருந்துதான் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த உப்புமாவும் பொங்கலும் எத்தனை வீட்டுக்கு ஆதரவு என்பதை நேரில் பார்க்கிறேன். ஆனால் காய்ச்சல் பிள்ளை அதைச் சாப்பிடுவதில்லை.

அதனால் ஜூன் மாதமே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அப்பாயியோ அம்மாச்சியோ பக்கத்தில் இருந்தால் அவர்கள். இல்லாவிட்டால் அதே தெருவில் பிள்ளை வைத்திருக்கும் ஒரு வீட்டோடு பேசி, இந்த முறை அவர்கள், அடுத்த முறை நீங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் லீவு போடலாம். தொற்றுகிற நோய் என்றால் வேறு பிள்ளை இருக்கும் வீட்டில் விடக்கூடாது. பார்த்துக்கொள்கிறவரிடம் மருந்து கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கொடுத்தது தெரியாமல் அப்பாயி மறுபடி கொடுத்துவிடக் கூடாது.

படி 8: பள்ளிக்குச் சொல்வதும் திரும்ப அனுப்புவதும்

வகுப்பு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போடாமல் டீச்சருக்குத் தனியாக அனுப்புங்கள். "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல் என்னவென்று சொல்லுங்கள்: "நேற்று ராத்திரியிலிருந்து 101 காய்ச்சல், வாந்தி இல்லை, டாக்டரிடம் போகிறோம்." அம்மை, டெங்கு என்றால் கட்டாயம் தெரிய வேண்டும். மற்ற பிள்ளைகளைக் கவனிக்கவும் பள்ளியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டவும் அது உதவும்.

திரும்ப வரும் நாளில் பிள்ளை காலையில் சாப்பிட்டிருக்க வேண்டும், காய்ச்சி ஆறிய தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும். மருந்து பாட்டிலைச் சொல்லாமல் பையில் போட்டு அனுப்பாதீர்கள், பக்கத்துப் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். இரண்டு நாள் விளையாட்டுப் பீரியடில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். விட்டுப்போன பாடத்தை அன்று ராத்திரியே உட்காரவைத்து எழுத வைக்க வேண்டாம். நான் ஒரு வாரம் அவகாசம் கொடுப்பேன். கேட்டால் உங்கள் டீச்சரும் கொடுப்பார்.