30-உம் 20-உம் 50 ஆகாது: கேமில் ரெசிஸ்ட் அடுக்கும் கணக்கு

போன சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் சித்தி மகன் டிஸ்கார்டில் கத்தினான். "அண்ணே, கேடயத்துல 30, மேலங்கியில 20, ரெண்டும் போட்டிருக்கேன், பாதி அடிதானே விழணும்? எப்படிச் செத்தேன்?" அவன் விளையாடுவது ராக்னராக் ஆன்லைன், பழைய பாணி சர்வர். கேடயத்தில் தாரா ஃபிராக் கார்டு, மேலங்கியில் ரேட்ரிக் கார்டு. இரண்டும் ரெசிஸ்ட், அதாவது வாங்கும் அடியில் இத்தனை சதவீதத்தைக் குறைக்கும் தடுப்பு, தருகிற கார்டுகள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் லேன் ஷாப்பில் காசைக் கரைத்த காலத்திலும் இதே ஜோடிதான், இதே கேள்விதான்.

சரி, கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர் ரெஸ்டாரண்டில் மெனு விலைக்குப் பக்கத்தில் 'பிளஸ் பிளஸ்' போட்டிருக்கும் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 10%, ஜிஎஸ்டி 9%, ஆக 119 வெள்ளி என்று பர்ஸை எடுத்தால் பில்லில் 119.90 இருக்கும், ஏனென்றால் ஜிஎஸ்டி 100 மேல் வருவதில்லை, 110 மேல் வருகிறது. கேமில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. 1000 அடி வருகிறது, தாரா ஃபிராக் 30% தின்றுவிட்டு 700 விடுகிறது, ரேட்ரிக் அந்த 700-இல்தான் 20% எடுக்கிறது. மிச்சம் 560. அவன் 50% என்று நினைத்தது உண்மையில் 44%. தாரா ஃபிராக் பார்ப்பது அடிப்பவனின் இனத்தை, ரேட்ரிக் பார்ப்பது அடியின் தன்மையை (நெருப்பா, நீரா, ஒன்றும் ஏறாத நியூட்ரலா என்று). ராக்னராக்கில் ஒரே வகைக்குள் இரண்டு இருந்தால் கூட்டல், வகை மாறினால் பெருக்கல்.

அதனால் எந்த கேமாக இருந்தாலும் எத்தனை சதவீதம் தடுக்கிறோம் என்று பார்க்காதீர்கள். எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்று பாருங்கள்.

இப்படிப் பார்த்தால்தான் கூட்டல் கேம்களில் கடைசி சில புள்ளிகளுக்கு ஏன் அவ்வளவு விலை என்று புரியும். பாத் ஆஃப் எக்ஸைலின் முதல் கேமில் நெருப்பு, பனி, மின்னல் ரெசிஸ்டுக்கு சாதாரண உச்சவரம்பு 75%, எவ்வளவு செலவழித்தாலும் 90-ஐத் தாண்டாது. 75-இல் இருப்பவன் 1000 அடியில் 250 வாங்குகிறான், 90-இல் இருப்பவன் 100. ஏறியது வெறும் 15 புள்ளி, ஆனால் வாங்கும் அடி பாதிக்கும் கீழே போய்விட்டது! அதே 15 புள்ளி 0-விலிருந்து 15-க்குப் போனால் 1000 அடி 850 ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று, பத்தாவது ஆக்ட் (கதையின் பாகம்) முடியும்போது அந்த கேம் உங்கள் ரெசிஸ்டிலிருந்து மொத்தம் 60 புள்ளியைப் பிடுங்கியிருக்கும், ஆகவே 75-ஐத் தொட கியரிலிருந்தும் (மாட்டியிருக்கும் ஆயுதம், கவசம்) மற்றதிலிருந்தும் 135 சேர்க்க வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் உபரி வைத்துக்கொள்வது நல்லது. எதிரி சாபம் போட்டு ரெசிஸ்டைக் குறைக்கும்போது முதலில் கரைவது அந்த உபரிதான்.

விண்கப்பல் கேமான ஈவ் ஆன்லைன் வேறு மாதிரி கறார். ஒரே ரெசிஸ்டை ஏற்றும் மாட்யூல்களை (கப்பலில் மாட்டும் கருவிகள்) அடுக்கினால் முதலாவது முழுசாக வேலை செய்யும், இரண்டாவது சுமார் 87%, மூன்றாவது 57%, நாலாவது 28%. 50% மாட்யூல் மூன்று போட்டால் 1000 அடியில் சுமார் 202 உள்ளே வரும், நாலாவதைப் போட்டால் சுமார் 173 வரும். அந்த நாலாவது இடத்தில் வேறு எதையாவது மாட்டுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆர்மர் விஷயம் தனி. பாத் ஆஃப் எக்ஸைலில் ஆர்மர் (கவசப் புள்ளி) சின்ன அடியை நன்றாகத் தடுக்கும், பாஸ் ஓங்கி அடிக்கும்போது கை விரித்துவிடும். கேரக்டர் பக்கத்தில் காட்டும் சதவீதம் ஒரு தோராயம்தான், அதை நம்பி பாஸ் முன்னால் போய் நிற்காதீர்கள்.

உங்கள் கேம் கூட்டுகிறதா பெருக்குகிறதா என்று தெரியாவிட்டால் நீங்களே சோதிக்கலாம். எல்லா பஃப்பையும் (தற்காலிக பலம்) கழற்றிவிட்டு, ஒரே மான்ஸ்டரிடம் இருபது அடி வாங்கி, கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழுந்ததை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். அப்புறம் 20% பொருள் ஒன்றைப் போட்டு இருபது அடி, இரண்டாவது 20% பொருளையும் சேர்த்து இன்னொரு இருபது. வெறும் உடம்பில் 1000 விழுந்தது இப்போது 600 என்றால் கூட்டல், 640 என்றால் பெருக்கல். 600-க்கும் 640-க்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை, அதனால் ஐந்தாறு அடியோடு சோம்பல்பட்டு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள்.

தம்பியின் லாகை (விழுந்த அடிகளின் பதிவு) திறந்து பார்த்தோம். விழுந்த அடி 560 இல்லை, 700. எதிரி கத்தியில் நெருப்பு ஏற்றியிருந்தான், ரேட்ரிக் தடுப்பது நியூட்ரல் அடியை மட்டும், ஆக மேலங்கி சும்மா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது பையில் ஜாக் கார்டு போட்ட இரண்டாவது மேலங்கி ஒன்று வைத்திருக்கிறான். அது நெருப்புக்கு 30%, அதை மாட்டினால் 700 அடி 490 ஆகும். மாற்ற ஞாபகம் வந்தால்.