அறிவியல் சர்ச்சையை ஆராயும்போது எந்தப் பக்கம் நிற்பது?

என்னிடம் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு முதலில் வைட்டமின் சி சர்ச்சையைத்தான் கொடுப்பேன். ஸ்காட்லாந்தில் முற்றிய புற்றுநோயாளிகள் 100 பேருக்கு தினம் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்ததில் ஆயுள் நீண்டது என்று 1976இல் மருத்துவர் ஈவன் கேமரனும் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் எழுதினார்கள். ஒப்பிட்டது 1000 பழைய நோயாளிகளின் பதிவுகளோடு. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை சோதித்து, 1979இலும் 1985இலும் பலன் இல்லை என்றது.

முதலில், யார் ஜெயித்தார்கள் என்பதை ஒதுக்கிவையுங்கள். ஏற்கப்பட்ட கருத்துக்கும் தள்ளப்பட்ட கருத்துக்கும் ஒரே வகைக் காரணங்களைத் தேடு என்பது எடின்பரோவின் அறிவியல் சமூகவியலாளர் டேவிட் புளூர் வகுத்த சமச்சீர் விதி. நோட்டுப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு தரப்பிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் மறு தரப்பிடமும் கேளுங்கள். பாலிங் பக்கம் ‘நோபல் பிடிவாதம்’ என்றும் மேயோ பக்கம் ‘தரவு’ என்றும் மட்டும் நிரம்பினால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டது சரியா என்று கேட்டீர்கள் அல்லவா? 1979 சோதனையில் பெரும்பாலோர் ஏற்கெனவே கீமோதெரபி எடுத்தவர்கள், 1985இல் கட்டி வளர்ந்ததும் வைட்டமினை நிறுத்திவிட்டார்கள் என்ற பாலிங்கின் ஆட்சேபங்களையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.

சரி, இப்படிச் செய்தால் நீங்கள் நடுநிலையாளர் ஆகிவிடுவீர்களா? மாட்டீர்கள். அறிவியல் சர்ச்சைகளை ஆராய்ந்த பாம் ஸ்காட், எவலீன் ரிச்சர்ட்ஸ், பிரையன் மார்ட்டின் மூவரும் 1990இல் இதைத்தான் சொன்னார்கள்: சர்ச்சை நடந்துகொண்டிருக்கும்போது இரு தரப்பையும் சமமாக வைத்து எழுதினால், மதிப்புக் குறைந்த தரப்புக்கு அது ஆயுதமாகிவிடும். ரிச்சர்ட்ஸ் இந்த வைட்டமின் சர்ச்சையையே ஆராய்ந்தவர். ஆய்வாளர் விலகி நிற்க முடியும், நிற்கவும் வேண்டும் என்று அறிவியல் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் மறுத்தார். நான் மூவர் பக்கம். நோயாளிகள் படிக்கப்போகும் ஆய்வில் விலகி நிற்பதற்கு இடமே இல்லை.

ஆகவே முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள்: எந்தத் தரப்பு உங்களுக்கு ஆவணம் தந்தது, பணம் எங்கிருந்து வந்தது, என்ன முடிவு வந்தால் உங்களுக்குப் பிடிக்கும். வரைவை இரு தரப்புக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். கேட்கும் திருத்தங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள், எந்தத் தரப்பு உங்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது அதில் தெரியும்.

அப்புறம், புற்றுநோயாளி ஒருவர் “நான் சாப்பிடலாமா?” என்று கேட்டால் சமச்சீர் விதியைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். மேயோவின் இரண்டு சோதனைகளிலும் வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சி ஆயுளை நீட்டவில்லை, அதை நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். அதே பதிலை ஆய்வேட்டின் கடைசி இயலிலும் எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல.