லினக்ஸில் குரல் பதிவாகவில்லையா? அடியிலிருந்து சோதியுங்கள்

மைக்கில் பேசினாலும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் கோடு அசையாமல் நேராகவே போகிறதா? நிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. குரல் கோப்பாக மாறுவதற்குள் மூன்று படி ஏறுகிறது: கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) ஒலிக் கருவிகளை இயக்கும் ஆல்சா, அதன் மேல் ஒலியை நிரல்களுக்குப் பிரித்துத் தரும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ, அதற்கும் மேல் நீங்கள் பதிவு செய்யும் நிரல். எந்தப் படியில் குரல் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 34 (2021) முதலும் உபுண்டு 22.10 (2022) முதலும் ஒலியைக் கவனிப்பது பைப்வயர். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பல்ஸ்ஆடியோதான். கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்), பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் சவுண்ட் கார்டு தெரிகிறதா என்று பாருங்கள்:

ஏரெக்கார்ட் -எல்

பட்டியலில் எதுவுமே இல்லையென்றால் கர்னலுக்கே மைக் தெரியவில்லை. மேலே என்ன மாற்றினாலும் பலனில்லை. புதிய இன்டெல் மடிக்கணினிகளில் இதற்கு வழக்கமான காரணம், ஒலிச் சில்லுக்குள் ஓடும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இல்லாமை. டெபியனில் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு, ஃபெடோராவில் ஆல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பை நிறுவி, கணினியை முழுக்க அணைத்துப் போடுங்கள். யுஎஸ்பி மைக் என்றால் ஹப்பை விட்டுவிட்டு நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

காலர் மைக் வைத்திருப்பவர்கள் பிளக்கைக் கவனியுங்கள். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை உள்ள மடிக்கணினிக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக் வேண்டும். கேமராவுக்கென்று விற்கும் மைக்கில் இரண்டு வளையம்தான் இருக்கும். இடையில் ஒரு அடாப்டர் போடாமல் வேலை செய்யாது.

கார்டு தெரிந்தால் அடுத்து ஆல்சாமிக்சர் என்ற கட்டளையைத் தட்டுங்கள், ஒலி அளவுகளைக் காட்டும். திறந்ததும் ஒரே ஒரு நெம்புகோல் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது பைப்வயர் காட்டும் பொய்க் கார்டு. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்திப் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். கேப்சர் நெம்புகோலுக்கு அடியில் சிவப்பு எழுத்து இல்லாமல் வெறும் கோடுகள் இருந்தால் பதிவு அணைந்திருக்கிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உயிர் வரும். மைக் பூஸ்ட் பல கார்டுகளில் 0, 10, 20, 30 டெசிபெல் என்று படிப்படியாக ஏறும். 30 வைத்தால் குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும், 10-இல் தொடங்குங்கள்.

இப்போது நேரடிச் சோதனை:

ஏரெக்கார்ட் -டி பிளக்ஹெச்டபிள்யூ:0,0 -எஃப் சிடி -டி 10 சோதனை.வேவ்

முதல் டி பெரிய எழுத்து, கருவியைக் குறிக்கும். இரண்டாவது சிறிய எழுத்து, விநாடியைக் குறிக்கும். 0,0 என்ற இடத்தில், முதல் பட்டியலில் பார்த்த உங்கள் கார்டு எண்ணும் கருவி எண்ணும் வர வேண்டும். எஃப் சிடி என்பது சிடித் தரத்தைக் கேட்பது. அதை விட்டுவிட்டால் 8 பிட், 8000 ஹெர்ட்ஸ், மோனோவில் (ஒரே சேனலில்) பதிவாகி, பழைய தொலைபேசிபோலக் கரகரக்கும். மைக்கைக் குறை சொல்லாதீர்கள். கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று பிழை வந்தால், காணொலி அழைப்பு ஓடும் உலாவியை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

இதில் குரல் தெளிவாகக் கேட்டால் கோளாறு மேல் படியில். ஒலி அமைப்புகளை மாற்றும் பாவுகண்ட்ரோல் நிரலை நிறுவி, ஏதாவது ஒரு நிரலில் பதிவை ஓடவிட்டபடியே அதில் ரெக்கார்டிங் பக்கத்தைத் திறங்கள். பதிவு ஓடாதபோது அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அங்கே ஒலி மூலத்தின் பெயர் "மானிட்டர் ஆஃப்" (இன்னதன் மானிட்டர்) என்று தொடங்கினால், மைக்கை விட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயே மாற்றுங்கள்.

ஒரு கோளாறு மட்டும் ஆளையே ஏமாற்றும். சில மடிக்கணினிகளின் உள்மைக் ஒரே குரலை இரண்டு சேனலிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலையாகத் தருகிறது. மீட்டர் நன்றாக ஆடும். மோனோவாகச் சேர்ந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் குரல் காணாமல் போகும். ஸ்டீரியோவில் ஐந்து விநாடி பதிந்து, அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது சேனலில் மேடு உள்ள இடத்தில் வலது சேனலில் பள்ளம் இருந்தால் இதுதான். பாவுகண்ட்ரோலின் இன்புட் பக்கத்தில் பூட்டுக்குறியைத் தட்டிச் சேனல்களைப் பிரித்து, வலதைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்கிறது, மைக் மட்டும் இல்லையென்றால், அது ஏ2டிபி என்ற, கேட்பதற்கு மட்டுமான முறையில் இருக்கிறது. பாவுகண்ட்ரோலின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹெட்செட் முறைக்கு மாற்றுங்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் முறை எம்எஸ்பிசி என்றால் 16 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும், சிவிஎஸ்டி என்றால் 8 கிலோஹெர்ட்ஸ். பாட்டுப் பதிவுக்கு இரண்டுமே ஆகாது. கம்பி மைக்கே நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் பைப்வயர் முரண்டு பிடித்தால்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்

முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போடாதீர்கள். இவை உங்கள் பயனர் கணக்கில் ஓடுபவை. சுடோ போட்டால் ரூட் என்ற நிர்வாகியின் கணக்கில் தேடும், உங்களுடையது அப்படியே கிடக்கும்.

குரலுக்கு அடியில் ஊம் என்று ஒரே சீராக ஒலித்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். ஊம் நின்றுவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம். லினக்ஸில் தேட வேண்டியதில்லை. எர்த் சரியாக உள்ள வேறு பிளக் பாயின்ட்டுக்கு மாறுங்கள்.